மாமியின் கொம்பியூட்டருக்கு நெற்வேர்க் கொடுத்த கதை

ஸ்ட்ரெதமில் என் மாமியின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே நான் மல்லாந்து கிடக்கிறேன். வாயில் ஒரு சின்ன டோர்ச். முகத்துக்கு நேரே பக்கத் தகடு கழற்றிய ஒரு பழைய கணினி. அதன் வயிற்றிலிருந்து தூசியும் சாம்பிராணி வாசமும் சேர்ந்து என் மூக்கில் இறங்குகின்றன.

எனக்கு மேலே மாமி தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஜெர்மன் பேசிக்கொண்டிருக்கிறார். நான் இருக்கும் இடத்திலிருந்து அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. பேச்சு சூடாகும்போது வலது கால் பெருவிரல் செருப்பை விட்டு வெளியே வந்து தரையைத் தட்டுகிறது.

மறுமுனையில் இருப்பவர் ஹெல்முட். பிரேமன் நகரத்துக்காரர், ஓய்வு பெற்றவர். நானும் மாமியும் அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் இந்தக் கணினிக்குள் நான் செருகியிருக்கும் நெற்வேர்க் அட்டையை இயக்குவதற்கான சின்ன நிரலை, அதாவது ட்ரைவரை, உலகத்தில் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, அவர் கேக்கிறார், பச்சை லைற் பத்துதோ எண்டு."

டோர்ச்சைக் கடித்தபடி "ம்" என்றேன்.

"மினுங்குதோ, நிண்டு எரியுதோ?"

அதற்கு "ம்" போதாது. டோர்ச்சைக் கையில் எடுத்து, மினுங்குகிறது மாமி என்றேன். மாமி அதை ஜெர்மனில் சொன்னார். நான் சொன்னது ஒரு சொல், அவர் சொன்னது ஐந்து நிமிடம். இடையில் இரண்டு முறை என் பெயர் வந்தது. இரண்டு முறையும் ஹெல்முட் சிரித்தார்.

லண்டனில் ஒரு கல்லூரியில் பல வருஷங்களாக நெற்வேர்க் பார்ப்பவன் நான். எத்தனையோ கட்டடங்களுக்கு இணைப்புக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு கல்யாணப் புரோக்கரின் மேசைக்குக் கீழே வந்து கிடந்தது எப்படி என்று சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரெதம் மாமி

மாமி என் மனைவி தர்சினியின் அம்மா. ஆனால் லண்டன் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவர் 'ஸ்ட்ரெதம் மாமி'. கல்யாணம் பேசுவது அவருடைய தொழில். லண்டன் மாப்பிள்ளை, பாரிஸ் பெண், டொரொன்டோ தகப்பன், நோர்வேத் தாய்மாமன் என்று நாலு திசையையும் ஒரு சாப்பாட்டு மேசையில் இருந்தபடி முடிச்சுப் போடுவார்.

மாமி அதிர்ந்து பேசுபவர் அல்ல. எனக்கு எப்போதும் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவார். என் வேலையைப் பற்றி ஆட்கள் கேட்டால், "மருமோன் கொலிஜிலை" என்று சொல்லி அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். கேட்டவர்கள் என்னை விரிவுரையாளர் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம் அந்தக் கணினி. லண்டனில் சாதகம் பார்க்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. இப்போது கைபேசியிலேயே பொருத்தம் பார்க்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் திருக்கணிதம். மாமியின் கணினி வாக்கிய பஞ்சாங்கப்படி, ஊரில் கணித்த மாதிரியே கணிக்கும். சில குடும்பங்களுக்கு மற்றதெல்லாம் தண்ணீர் கலந்த பால்.

அந்தக் கணினி மாமிக்குக் கிடைத்தது ஜெர்மனியில். மாமா, அதாவது காலஞ்சென்ற என் மாமனார், ரூர் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்து வங்கியில் மாலை நேரத் துப்புரவு வேலை செய்தார். வங்கி புதுக் கணினிகளுக்கு மாறியபோது பழையவற்றைப் பின்வாசலில் அடுக்கி வைத்தார்களாம். கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சைக்கிளில்.

அதில் இருந்தது ஓ.எஸ். டூ என்ற இயங்குதளம். இன்று கணினிக்காரர்களிலேயே பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஜெர்மனியில் வங்கிகள் எல்லாம் அதை நம்பிக் கிடந்தன. பிறகு உலகம் வேறு பக்கம் போய்விட்டது. மாமியின் கணினிக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

அப்போது அவர்கள் வீட்டு மேல் அறையில் ஒரு தமிழ் மாணவர் வாடகைக்கு இருந்தார். பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். மாமியின் மீன் குழம்புக்கு நன்றியாக அவர் எழுதிக் கொடுத்ததுதான் இந்தச் சாதக நிரல். நன்றியோடு கொஞ்சம் அவநம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும். ஆட்கள் பிரதி எடுத்துவிடாமல் இருக்க, கணினியின் பின்பக்கம் ஒரு தீப்பெட்டி அளவு சாவியைச் செருகிவிட்டிருந்தார். அந்தச் சாவி இல்லாவிட்டால் நிரல் திறக்காது. புதுக் கணினிகளில் அந்தச் சாவியைச் செருகத் துவாரமே கிடையாது.

அந்த மாணவர் இப்போது மெல்பேர்ணில் வீடு விற்கிறார். உதவி கேட்டு எழுதினேன். நிரலைப் பற்றி ஒன்றும் நினைவில்லை, ஆனால் மாமி இன்னும் அந்தக் குழம்பு வைக்கிறாரா என்று பதில் போட்டிருந்தார்.

சனியன் பிடித்த படம்

மாமி சாதகக் குறிப்புகளை அனுப்பியது தொலைநகலில், அதாவது ஃபக்ஸில். கணினிக்குள்ளேயே இருந்த மோடம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு அனுப்பும். ஐரோப்பா முழுக்க மாமியோடு சம்பந்தம் பேசுகிற பெரியவர்கள் தொலைநகல் இயந்திரத்தை எறியாமல் வைத்திருந்ததே மாமிக்காகத்தான் என்று தர்சினி சொல்வாள்.

பிறகு ஒருநாள் தெருவில் பழைய செப்புக் கம்பி இணைப்புகளை நிறுத்தி, எல்லா வீட்டுத் தொலைபேசிகளையும் டிஜிட்டல் ஆக்கினார்கள். மாமிக்கும் ஒரு புதுப் பெட்டி வந்தது. பேச்சு முன்னையைவிடத் தெளிவாகக் கேட்டது. தொலைநகல் மட்டும் பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது.

அப்போது பார்த்துத்தான் சுபாவின் சம்பந்தம் கூடி வந்தது.

சுபா லண்டனில் மனோர் பார்க்கில் இருந்தார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே பல இடங்கள் வந்து தட்டிப் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் தாய்க்காரி அழ, சுபா அடுத்த நாள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போய்விடுவாராம். மாமிக்கு அந்தப் பிள்ளையில் ஒரு தனி அக்கறை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

மாப்பிள்ளை சூரிச்சில். பெயர் அரவிந்தன். அவரும் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பன் தியாகராசா ஐயா பெரும் பிடிவாதக்காரர். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். பிடிவாதத்தை மாற்றவில்லை.) முதலில் பெண்ணின் குறிப்பு மாமியின் கணினியிலிருந்து வர வேண்டும். அது பிடித்திருந்தால்தான் மகனின் பிறந்த நேரத்தைத் தருவார். அதற்குப் பிறகு பொருத்தம்.

தொலைநகல் போகவில்லை. அச்சுப்பொறியின் மைநாடா எப்போதோ காய்ந்து கிடந்தது. அதற்கென்ன, படம் எடுத்து அனுப்புவோம் என்று தர்சினி கணினித் திரையைக் கைபேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சூரிச்சுக்கு அனுப்பினாள்.

பழைய கண்ணாடிக் குழாய்த் திரையைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டை ஒன்று படத்தில் விழும். அது சரியாக ஏழாம் வீட்டின் மேல் விழுந்திருந்தது. கல்யாணத்துக்குப் பார்க்கிற வீடே ஏழாம் வீடுதான்.

தியாகராசா ஐயா அதை மறைப்பு என்று எடுத்துக்கொண்டார். செவ்வாய் தோஷம் இருக்கப்போய்த்தான் அந்த இடத்தைக் கறுப்பால் அழித்திருக்கிறார்கள் என்று சூரிச்சில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். மாமி தொலைபேசி எடுத்தால் அவர் எடுப்பதில்லை.

தொழில் விஷயத்தில் மாமி மீது ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் முறை. அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எப்போதும் தர்சினியைக் கேட்பவர், என்னைக் கேட்டார்.

"தம்பி, உந்தக் கொம்பியூட்டரிலையிருந்து ஈமெயில் போக வைக்க ஏலுமோ?"

ஏலும் மாமி என்றேன். ஒரு சனிக்கிழமை வேலை என்றும் சேர்த்துச் சொன்னேன். தர்சினி பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

பிரான்ஸ் மாப்பிள்ளைகள் அழிக்கப்பட்டது

எங்கள் வீடு இருக்கும் வால்தம்ஸ்டோவில் விக்டோரியா லைன் ரயில் ஏறி, அது முடிகிற பிரிக்ஸ்டனில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் மாமி வீடு. அடுத்த ஒரு மாதம் என் சனிக்கிழமைகள் அந்தப் பாதையில்தான் போயின.

முதலில் நெற்வேர்க் அட்டை. அந்தக் கணினிக்குப் பொருந்துகிற வகை இப்போது கடைகளில் இல்லை. பழைய சாமான் விற்கும் இணையத் தளத்தில் வாங்கினேன். முதலாவது அட்டை உயிரில்லாமல் வந்தது. இரண்டாவது உயிரோடு வந்தது, ஆனால் ஓ.எஸ். டூவோடு பேச மறுத்தது. மூன்றாவதுக்குத்தான் ஹெல்முட் எப்போதோ எழுதி இணையத்தில் போட்டிருந்த ட்ரைவர் இருந்தது.

அந்த ட்ரைவரைக் கணினிக்குள் ஏற்றுவது எப்படி? நெற்வேர்க் இருந்தால் இறக்கிவிடலாம். நெற்வேர்க் வேண்டுமென்றால் ட்ரைவர் வேண்டும். கல்யாணம் முடிந்தால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் நடக்கும் என்ற கதைதான். ஒரே வழி ஃபிளொப்பி. என் கல்லூரி முழுக்கத் தேடி எடுத்த ஃபிளொப்பிகளில் பூஞ்சணம் பூத்திருந்தது.

மாமியிடம் நல்ல ஃபிளொப்பிகள் இருந்தன, ஒரு பிஸ்கட் டின் நிறைய. ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் தலைப்பு: 'பெண்கள் – டொக்டர்.' 'ஆண்கள் – உயரம் குறைவு.' 'ஆண்கள் – ஒருமுறை கட்டினவை.' இவற்றில் ஒன்றை அழிக்க வேண்டும் என்று சொன்னபோது, பெற்ற பிள்ளையைக் கேட்டது போல மாமி என்னைப் பார்த்தார்.

வெகுநேரம் யோசித்து, 'ஆண்கள் – பிரான்ஸ்' என்றதை எடுத்துத் தந்தார். அதில் இருந்தவர்கள் எல்லாரும் கட்டிவிட்டார்களாம். கட்டாத ஒருவர் சாமியாராகிவிட்டாராம்.

ஏற்றினேன். கணினியை மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில் ஜெர்மனில் ஒரு வரி வந்து நின்றது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "தன்னாலை ஒண்டும் செய்யேலாதாம்" என்று மொழிபெயர்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் குறிப்பு அதற்குள் இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்த மருமகனுக்குத் தேத்தண்ணீர் வராவிட்டால் அதன் பொருள் என்ன என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே இருந்த அமைப்புக் கோப்பில் நான் ஒரு வரியை இடம் மாற்றி எழுதியிருந்தேன். அந்த விசைப்பலகையும் ஜெர்மன் விசைப்பலகை. இசட் இருக்க வேண்டிய இடத்தில் வை இருக்கும். அதைத் திருத்திக் கணினியை எழுப்பப் பின்னேரம் ஆகிவிட்டது. எழுப்பினால் அடுத்த தகராறு.

ஒலி அட்டையும் நெற்வேர்க் அட்டையும் கணினியின் கவனத்தைக் கேட்பதற்கு ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. பழைய கணினிகளில் அப்படி இரண்டு பேர் ஒரே கதவைத் தட்டக் கூடாது. மாமிக்கு இதை எப்படி விளங்க வைப்பது என்று யோசித்தேன். அவர் தானாகவே, "ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு புரோக்கர் போன மாதிரி" என்றார். அதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

அப்படியானால் ஒலி அட்டையைக் கழற்றிவிடலாம், சாதகக் கணினிக்குச் சத்தம் எதற்கு என்றேன். மாமி முடியாது என்று சொல்லிவிட்டார். பொருத்தம் ஏழுக்கு மேல் வந்தால் அந்த நிரல் கெட்டிமேளம் அடிக்கும். மாணவர் போட்டுக் கொடுத்தது. பெண்ணைப் பெற்றவர்கள் அதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்களாம். கெட்டிமேளத்துக்கு வேறு கதவு ஒதுக்கிக் கொடுக்க எனக்கு இன்னொரு சனிக்கிழமை போனது.

சூரிச்சுக்குப் போன தொழில்நுட்பம்

இதற்கிடையில் சூரிச்சுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். தகப்பன் தொலைபேசி எடுக்கவில்லை. மாமி தன் வழக்கத்துக்கு மாறாக ஒரு காரியம் செய்தார். குறிப்பு முடிவாகும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பேசக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதை ஒதுக்கிவைத்து அரவிந்தனின் இலக்கத்தைச் சுபாவிடம் கொடுத்தார். கணினி பழுது, படத்தில் விழுந்தது வெறும் நிழல், திருத்தியதும் அனுப்புவோம். இதை மட்டும் சொல்லிவிட்டு வைக்கும்படி சொன்னார்.

சுபா சொன்னார். மாப்பிள்ளை என்ன பழுது என்று கேட்டாராம். சுபாவுக்குத் தெரியவில்லை. அதனால் என்னிடம் கேட்டார். நான் கதவு தட்டுகிற கதையைச் சொன்னேன். அது சூரிச்சுக்குப் போய், அங்கிருந்து வேறொரு கேள்வியோடு திரும்பி வந்தது. ஃபிளொப்பி கதை போனது. பிரான்ஸ் மாப்பிள்ளைகள் அழிந்த கதை போனபோது அரவிந்தன் வெகுநேரம் சிரித்ததாகச் சுபா சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் கண்டதில்லை.

மூன்றாம் சனிக்கிழமை சுபா என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பேச்சு மட்டும் நிற்கவில்லை போலிருந்தது. மாமி வீட்டுக்கு றோல்ஸ் கொண்டு வந்தவர், வாசலிலேயே நின்று கைபேசியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கணினி எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஹெல்முட்

இப்போது மறுபடி மேசைக்குக் கீழே வருவோம்.

ட்ரைவர் ஏறிவிட்டது. கதவுகள் பிரித்தாயிற்று. பச்சை விளக்கு மினுங்கியது. ஆனால் நாங்கள் அனுப்பிய தகவல் பொட்டலங்களில் பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. என் கைவரிசை எல்லாம் முடிந்ததும், ட்ரைவரோடு வந்த குறிப்பில் இருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பல வருஷத்துக்கு முந்திய முகவரி. நம்பிக்கை இல்லாமல்தான் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. உடைந்த ஆங்கிலத்தில் மூன்று வரிகள். என்னுடைய ட்ரைவரை உண்மையாகவே ஒருவர் பாவிக்கிறாரா? என் ஆங்கிலம் மோசம். அருகில் ஜெர்மன் தெரிந்தவர் இருந்தால் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும்.

மாமியின் ஜெர்மன் முதியோர் இல்லச் சமையலறையில் கற்றது. அங்கே அவர் பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். அந்த மொழியை அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லண்டனில் ஆங்கிலத்துக்குப் பயந்து என்னையோ தர்சினியையோ முன்னால் விடுகிறவர், ஜெர்மனில் யாரையும் முன்னால் விடவில்லை. குரலே வேறாக இருந்தது. அந்தக் குரலுக்கு வயது முப்பது இருக்கும்.

ஹெல்முட்டும் விடவில்லை. அவருக்கு இந்த ட்ரைவரைப் பற்றி ஒரு ஆள் கேட்டு வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் மாமி குனிந்து மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அவர் சொல்லுறார், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்திலை கதைக்கக் கூடாதாம். ஒரு ஆள் கதைச்சு முடியத்தான் மற்ற ஆள் கதைக்க வேணுமாம். அப்பிடி எழுதிவிடட்டாம்."

அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. மாமி வீட்டுப் புதுப் பெட்டி ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் தயாராக இருந்தது. இந்தப் பழைய அட்டை, தன்னால் அது முடியும் என்று பொய் சொல்லி ஒத்துக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். அந்தப் புதுப் பெட்டிக்கும் பழைய அட்டைக்கும் நடுவில் பழைய முறை தெரிந்த ஒரு சின்ன இணைப்புப் பெட்டியை வைத்தேன். மறுபடி போட்டேன்.

அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

மாமி அதை ஹெல்முட்டுக்குச் சொன்னார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாமி குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். பிறந்த நேரம் தெரியுமா என்று கேட்டாராம். மனைவி இறந்து ஏழு வருஷமாகத் தனியாக இருக்கிறாராம் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

கணினிக்கு நெற்வேர்க் வந்தாலும், இக்காலத்து மின்னஞ்சலின் பூட்டுச் சாவியெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்காக உள்ளங்கை அளவு ஒரு புதுக் கணினியை நடுவில் தரகராக வைத்தேன். பழையது குறிப்பை இதனிடம் கொடுக்கும், இது உலகத்துக்கு அனுப்பும். மாமிக்கு அந்த ஏற்பாடு சொல்லாமலே விளங்கியது.

ஞாயிறு மத்தியானம் சுபாவின் குறிப்பு சூரிச்சுக்குப் போனது. கறுப்புப் பட்டை இல்லை. ஏழாம் வீடு கண்ணாடி போலத் தெரிந்தது. செவ்வாய் வேறெங்கோ சிவனே என்று இருந்தார்.

நாங்கள் சோறு சாப்பிட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டது. தியாகராசா ஐயா தம் சந்தேகத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மகனின் பிறந்த திகதி, நேரம், இடம். பொருத்தம் பார்த்து முடிவை இதே வழியில் உடனே அனுப்பவும். அவ்வளவுதான்.

மாமி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். விபரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். கணினி யோசித்தது. நானும் தர்சினியும் பின்னால் நின்றோம். உண்மையைச் சொன்னால் நான் கெட்டிமேளத்துக்குக் காத்து நின்றேன். அதற்காக ஒரு முழுச் சனிக்கிழமை கொடுத்திருக்கிறேன்.

கெட்டிமேளம் வரவில்லை. திரையில் பத்துக்கு மூன்று என்று வந்து நின்றது.

மாமி இன்னொருமுறை விபரங்களைச் சரி பார்த்துத் தட்டினார். மறுபடியும் மூன்றுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தர்சினியும் நானும் விரும்பிக் கட்டியவர்கள். அப்போது இதே கதிரையில் இருந்து மாமி எங்கள் குறிப்பைப் பார்த்தார். அதுவும் மூன்றுதான். மாமி ஒரு வருஷம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கணினி சொன்னதற்கு மாறாக அவர் எவருக்கும், தன் மகளுக்குக்கூட, ஒரு கல்யாணம் சரி என்று சொன்னது கிடையாது. நாங்களாகப் பதிவு செய்தோம். மாமா இறந்த பிறகுதான் போக்குவரத்து வந்தது. அதைப் பற்றி நாங்கள் மூவரும் ஒருநாளும் பேசியதில்லை.

அந்த நேரம் பார்த்து மாமியின் தொலைபேசி அடித்தது. சுபா. மாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமி, அவையின்ரை ரைம் வந்திட்டுதாம் எண்டு அரவிந்தன் சொன்னவர். நீங்கள் பார்த்திட்டீங்களோ?"

"இன்னும் பார்க்கேல்லைப் பிள்ளை."

என்ன வந்தாலும் முதலில் தனக்குச் சொல்ல முடியுமா என்று சுபா கேட்டார். குரல் மெலிந்திருந்தது. ஏன் என்று மாமி கேட்கவில்லை. சரி பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டார்.

அனுப்புவதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். அந்த ஒரு விசைக்குள் என் ஒரு மாத வேலை முழுவதும் இருந்தது. மாமி திரையைப் பார்த்தபடி இருந்தார். செருப்புக்குள் பெருவிரல் அசையவில்லை.

பிறகு திரும்பாமலே சொன்னார்.

"தம்பி, அந்த வயரை ஒருக்காக் கழட்டிவிடுங்கோ."

எந்த வயர் மாமி என்று கேட்டேன். விளங்காமல் கேட்கவில்லை.

"நெற்வேர்க் வயர். பழுதாப்போச்சு எண்டு நான் அவைக்குச் சொல்லுறன்."

நான் தர்சினியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. நான் மேசைக்குக் கீழே போனேன். அந்த இடம் எனக்கு இப்போது நல்ல பழக்கம். கிளிப்பை அழுத்தி வயரை இழுத்தேன். பச்சை விளக்கு அணைந்தது.

வெளியே வந்தபோது மாமி எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் கேத்தலை வைத்துவிட்டிருந்தார்.

பழுது

மாமி சூரிச்சுக்குச் சொன்னது இவ்வளவுதான்: பெண்ணின் குறிப்பை நீங்களே பார்த்தீர்கள், குற்றமில்லை. பொருத்தம் பார்க்கக் கணினி மறுபடி படுத்துவிட்டது. மருமகன் பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. பொறுக்க விருப்பமென்றால் பொறுங்கள்.

தியாகராசா ஐயா பொறுத்தார். வேறு இடத்தில் காட்ட மனம் வரவில்லை, அவருக்கு மாமியின் கணினிதான் வேண்டும். ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்தார். ஞாயிறுதோறும் மாமி என்னைக் கைகாட்டினார். இடையில் சுபாவும் அரவிந்தனும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார விடுமுறையில் அரவிந்தன் தாயோடு லண்டனுக்கே வந்து சுபாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு கட்டியது அந்தத் தாய்தான். "அந்தக் கொம்பியூட்டர் எழும்பிறதுக்குள்ளை என்ரை பிள்ளைக்கு அறுபதாம் கலியாணம் வந்திடும்" என்று சொல்லி, நாள் வைக்கச் சொல்லிவிட்டாராம்.

கல்யாணம் லண்டனில் நடந்தது. தாலி கட்டிய அன்று உண்மையான கெட்டிமேளம் ஒலித்தது. அழைப்பு அனுப்பியும் ஹெல்முட் வரவில்லை. மாமிக்கு ஒரு பெரிய சொக்லேட் பெட்டியும் ட்ரைவரின் புதுப் பதிப்பும் அனுப்பியிருந்தார். சுபாவுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். இதை எழுதலாம் என்று மாமி போன மாதம்தான் சொன்னார். தியாகராசா ஐயா வாசித்தாலும் பரவாயில்லையாம். பேத்தி அவர் மடியை விட்டு இறங்குவதில்லை.

ஆனால் என் பாடு வேறு. கல்யாணத்தன்று மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது தியாகராசா ஐயா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டி, கையில் பாயசம். மாமியின் கணினி நான் வயரைக் கழற்றியதற்கு மறுநாளே அது மறுபடி செருகப்பட்டு, கனடாவுக்கும் டென்மார்க்குக்கும் பிசகில்லாமல் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. அவருடைய மகனின் சம்பந்தம் முடிகிறவரை அந்தச் செய்தி மட்டும் சூரிச்சுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

"தம்பி, அது இன்னும் சரிவரேல்லையோ?"

வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு அடி தள்ளி மாமி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் என் பதிலுக்காகக் காது இந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"இல்லை ஐயா. எனக்குப் பிடிபடுதில்லை."

அவர் மிகுந்த இரக்கத்தோடு என் தோளில் கை வைத்தார். சூரிச்சில் தன் தங்கையின் மகன் ஒரு நிறுவனத்தில் நெற்வேர்க் வேலையில் இருப்பதாகவும், கெட்டிக்காரன் என்றும், என்னை அழைக்கச் சொல்வதாகவும் சொன்னார். என் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டார்.

சொன்னபடியே அந்தப் பிள்ளை அடுத்த வாரம் அழைத்தார். மரியாதையான பிள்ளை. நான் பயப்படக் கூடாது என்பதற்காக முதலிலிருந்து தொடங்கினார். வீட்டுக்கு இலக்கம் இருப்பது போலக் கணினிக்கும் ஒரு இலக்கம் உண்டு என்றார். அதை ஐ.பி. முகவரி என்று சொல்வார்கள் என்றார்.

நான் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "ஓம் தம்பி, சொல்லுங்கோ" என்றேன்.